கம்பத்து உச்சியில் ஒரு பெருக்கி



ஜூஜுவாடி என்னும் ஊரின் பெயரை உங்களிற் பலர் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி நோக்கி வரும் நெடுஞ்சாலையில், கருநாடக மாநிலத்து அத்திப்பள்ளியைக் கடந்ததும் தமிழ்நாட்டு மண் தொடங்குகிறதல்லவா? அம்மண்ணின் முதல் ஊர் அது. இன்று ஒசூர் நகரத்தோடு ஒன்றிவிட்டது. அதன் கடைவீதியில் ஐந்து நிமிடம் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் கலந்து காதில் விழும். லாரிகளின் ஒலி வேறு. அத்தனை சந்தடியிலும் நம்மை யாரேனும் பெயர் சொல்லி அழைத்தால் சட்டென்று திரும்பிப் பார்க்கிறோம். செவி செய்யும் இந்த வேலை எவ்வளவு அரியது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அதே வீதியில் நம் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கும் இதே வேலைதான். இரு மாநிலத்துக் கோபுரங்களும் ஒரே சமயத்தில் அதனிடம் பேசுகின்றன. அருகிலுள்ள கோபுரம் உரக்கப் பேசுகிறது, தொலைவிலுள்ளது முணுமுணுக்கிறது. அந்த முணுமுணுப்பு எவ்வளவு மெலிந்தது தெரியுமா? ஒரு வாட் மின்திறனைக் கோடி பங்காக்குங்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் கோடி பங்காக்குங்கள். அந்தச் சிறு துணுக்கு ஒன்று கிடைத்தாலே கைப்பேசி பேச்சை வாங்கிக்கொள்ளும். செயற்கைக்கோளிலிருந்து இறங்கி வரும் வழிகாட்டும் அலையோ அத்துணுக்கிலும் நூறில் ஒரு பங்கே இருக்கும். இவ்வளவு மெலிந்த மின்குறியை முதன்முதலில் கையேந்தி வாங்கிப் பெரிதாக்கித் தருவது, கைப்பேசிச் சில்லுக்குள் கண்ணுக்குப் புலப்படாத அளவில் அமைந்த ஒரு பெருக்கி. அதனைக் குறையிரைச்சற் பெருக்கி என்பர். அதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் பௌதிகம் கற்பித்த ஆசிரியன். பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். சில்லு வடிவமைக்கும் வித்தையை நான் கற்றவனல்லன். ஜூஜுவாடியைச் சேர்ந்த ஒரு பெண், பொறியியற் கல்லூரியில் மின்னணுவியல் படிப்பவள், சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தாள். தன் இறுதியாண்டு வேலையைப் பற்றித் தான் படித்த பள்ளியிலே தமிழில் பேச வேண்டும் என்றும், அதற்குத் தமிழ்ச் சொற்கள் வேண்டும் என்றும் கேட்டாள். அவள் எடுத்துக்கொண்ட வேலை, பல அதிர்வெண்களை ஒருங்கே தாங்கும் அகலப்பட்டைக் குறையிரைச்சற் பெருக்கி ஒன்றைக் கணினியில் வடிவமைப்பது. நான் சொற்களைக் கொடுத்தேன். அவள் பொருளைக் கொடுத்தாள். யார் மாணவர், யார் ஆசிரியர் என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

முதலில் இரைச்சல் என்றால் என்ன என்று பார்ப்போம். வானொலிப் பெட்டியில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்தால் 'உஸ்' என்று ஒலிக்கிறதே, அதுதான். அதில் ஒரு பகுதி வானத்திலிருந்தும் இடிமின்னலிலிருந்தும் வருவது. மற்றொரு பகுதி பெட்டிக்குள்ளேயே பிறப்பது. 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான்சன் என்பவர், எந்த மின்தடையும் எவ்வித மின்கலமும் இணைக்கப்படாமலேயே தன்னளவில் சிறு மின்னழுத்தத் துடிப்பைத் தோற்றுவிக்கிறது என்பதை அளந்து வெளியிட்டார். நைக்விஸ்ட் என்பவர் அதற்குக் காரணம் கூறினார். பொருளுக்குள் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைக்கழிகின்றன. அந்த அலைச்சலே இந்த இரைச்சல். இருவரும் சுவீடனில் பிறந்தவர்கள் என்பது ஒரு சுவையான செய்தி.

இந்த இரைச்சலின் திறன் இரண்டையே பொறுத்தது. ஒன்று வெப்பநிலை, மற்றொன்று நாம் திறந்து வைத்திருக்கும் அதிர்வெண் பட்டையின் அகலம். தடையின் மதிப்பு எதுவாயினும் அது தரக்கூடிய இரைச்சல் திறன் ஒன்றே. சாதாரண அறை வெப்பத்தில், 7 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு தொலைக்காட்சிப் பட்டைக்கு அது, நான் மேலே சொன்ன துணுக்குகளில் ஏறக்குறைய மூன்று. நாம் தேடும் குறியே ஒரு துணுக்கு இரண்டு துணுக்கு என்றிருக்கும்போது, இரைச்சல் மூன்று துணுக்கு என்றால் நிலைமை எப்படி என்று பாருங்கள். சன்னலை அகலத் திறந்தால் காற்றும் வரும், தூசியும் வரும் என்பது போலத்தான்.

இங்கே என் பழைய கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1986ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எல்லைப்புறத்திலிருந்த எங்கள் பள்ளிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர். படம் வரும், ஆனால் பனி கொட்டும். மாணவர்களுக்குக் காட்ட விரும்பிய அறிவியல் நிகழ்ச்சியில் உருவங்கள் நிழல்போல ஆடின. கூரைமேல் நீண்ட இரும்புக் குழாய் நட்டு, அலுமினிய ஆன்டெனாவைக் கட்டியிருந்தோம். அங்கிருந்து இறங்கிய கம்பி பழையது. பல இடங்களில் ஒட்டுப்போட்டது. நான் கைப்பணம் கொடுத்து 'பூஸ்டர்' என்னும் பெருக்கி ஒன்றை வாங்கி வந்து, தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் இணைத்தேன். படம் பளிச்சென்று ஆனது. பனியும் கூடவே பளிச்சென்று ஆனது!

அப்போது ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். ஆன்டெனாவைத் திருப்பக் கூரைமேல் ஏறுபவன் அவனே. "சார், இந்தப் பெட்டியை இங்கே வைப்பதற்குப் பதிலாகக் கம்பத்து உச்சியில் கட்டினால் என்ன?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. "கீழே பெருக்கினால் என்ன, மேலே பெருக்கினால் என்ன? நூறு மடங்கு நூறு மடங்குதானே! மேலே அதற்கு மின்சாரம் யார் கொண்டு போவது? உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. மாணவனின் கேள்வியை மதிக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் பக்கம் பக்கமாக எழுதித் தேர்வில் மதிப்பெண் வாங்கியவன் நான். அந்தப் பையன் அவ்வாண்டு முடியும்வரை வேறு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பையன் சொன்னதே சரி. அதற்குரிய கணக்கை 1944ஆம் ஆண்டிலேயே ஹரால்ட் ஃப்ரிஸ் என்பவர் எழுதி வைத்துவிட்டார். டென்மார்க்கில் பிறந்து, அதே பெல் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தவர். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இரைச்சலெண் உண்டு. உள்ளே வரும்போது குறிக்கும் இரைச்சலுக்கும் இருந்த விகிதம், வெளியே போகும்போது எத்தனை மடங்கு கெட்டுப்போனது என்பதே அந்த எண். கெடாமல் வந்தால் எண் 1. பாதியாகக் கெட்டால் 2. உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும்போது, முதல் உறுப்பின் இரைச்சலெண் முழுமையாகச் சேரும். இரண்டாவது உறுப்பின் எண்ணில் ஒன்றைக் கழித்து, முதல் உறுப்பின் பெருக்கத்தால் வகுத்துச் சேர்க்க வேண்டும். மூன்றாவதன் பங்கை அதற்கு முன்னுள்ள இரண்டின் பெருக்கத்தாலும் வகுக்க வேண்டும். ஆகவே முதலில் நிற்பவன் நல்லவனாகவும் வல்லவனாகவும் இருந்தால், பின்னால் வருபவர்களின் குறைகள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

எங்கள் பள்ளிக் கூரைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி, வந்த குறியில் நான்கில் ஒரு பங்கையே கீழே கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம். குறியை நான்கில் ஒன்றாக்கும் கம்பியின் இரைச்சலெண்ணும் 4தான். தொலைக்காட்சிப் பெட்டியின் எண்ணும் 4. பூஸ்டரின் எண் 3, பெருக்கம் 100. பூஸ்டரே இல்லையென்றால் மொத்த எண் 16. பூஸ்டரைக் கீழே வைத்தால் 12.12. அதே பூஸ்டரைக் கம்பத்து உச்சியில் கட்டினால் 3.15! ஒரே கருவி, ஒரே விலை. இடம் மாறியதால் ஏறக்குறைய நான்கு மடங்கு வேறுபாடு. ஏன்? மெலிந்த குறி கம்பியில் தேய்ந்து இரைச்சலோடு கலந்தபின் பெருக்கினால், இரண்டும் சேர்ந்தே பெருகும். தேயுமுன் பெருக்கிவிட்டால், பிறகு தேய்ந்தாலும் கவலையில்லை. நூறு மடங்கு நூறு மடங்குதான் என்ற என் வாதம் பெருக்கத்தைப் பார்த்தது, இரைச்சலைப் பார்க்கவில்லை.

இதே பாடத்தை நம் தமிழ்நாட்டிலே மிகப் பெரிய அளவில் காட்டிய இடம் ஒன்று உண்டு. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ரேடியோ தொலைநோக்கி நிற்கிறது. கோவிந்த் ஸ்வரூப் என்னும் அறிஞரின் தலைமையில் அமைக்கப்பட்டு 1970ஆம் ஆண்டு செயற்பட்டது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்த இடத்தின் அட்சரேகை ஏறக்குறைய பதினொரு பாகை. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, பூமியின் சுழல் அச்சுக்கு இணையாகத் தொலைநோக்கியை வடக்குத் தெற்காகக் கிடத்தியிருக்கிறார்கள். அதனால் ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடர முடிகிறது. அதன் குவியக் கோட்டில் 1056 சிறு ஆன்டெனாக்கள் வரிசையாக உள்ளன. முற்காலத்தில் அவை பற்றிய அலைகள் கம்பிகளிலும் பிற உறுப்புகளிலும் ஓடி, ஒன்றுசேர்ந்து, ஓரளவு தேய்ந்த பின்னரே பெருக்கிகளை அடைந்தன. பிற்பாடு அங்கே பணிபுரிந்த செல்வநாயகம், வேலுசாமி முதலிய அறிஞர்கள், ஒவ்வோர் ஆன்டெனாவின் பின்னாலும் ஒரு குறையிரைச்சற் பெருக்கியை வைத்து 1056 பெருக்கிகளாக மாற்றியமைத்தனர். 1993ஆம் ஆண்டு அதுபற்றிய கட்டுரையும் வெளிவந்தது. தொலைநோக்கியின் கண் கூர்மை பெற்றது.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து மாணவர்களோடு நான் அங்கே சென்றிருந்தேன். ஆன்டெனாவை ஒட்டியே பெருக்கி வைத்திருப்பதாக அங்கிருந்தவர் விளக்கினார். நானும் தலையசைத்துக் கேட்டேன். கூரைமேல் ஏறிய பையனின் நினைவு அப்போது எனக்கு வரவேயில்லை.

இனி அகலப்பட்டைக்கு வருவோம். உதகைத் தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் ஓரிடத்தைச் சுற்றியே கேட்பது. கைப்பேசியோ பல அதிர்வெண்களைக் கேட்டாக வேண்டும். நம் நாட்டு வழிகாட்டிச் செயற்கைக்கோள் அமைப்பாகிய 'நாவிக்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் 1176.45, 2492.028 மெகாஹெர்ட்ஸ் என்னும் இரண்டு இடங்கள். 2023இல் ஏவப்பட்ட புதுக்கோள் முதலாக 1575.42 என்னும் மூன்றாம் இடமும் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெருக்கி வைக்கலாம். ஆனால் சில்லில் இடம் பொன்னினும் விலையுயர்ந்தது. ஒரே பெருக்கி எல்லாவற்றையும் ஏற்றால் நன்று. அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

ஆன்டெனாவிலிருந்து வரும் அலை முழுவதும் பெருக்கிக்குள் நுழைய வேண்டுமானால், பெருக்கியின் வாயிலும் அதே தடையைக் காட்ட வேண்டும். வழக்கமாக 50 ஓம். இல்லையேல் கிணற்றுச் சுவரில் மோதிய அலைபோலக் குறியின் ஒரு பகுதி திரும்பிவிடும். சரி, வாயிலில் 50 ஓம் மின்தடை ஒன்றை வைத்துவிட்டால் போகிறது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஜான்சன் கண்டதை நினைவுகூருங்கள். அந்தத் தடையும் ஆன்டெனாவுக்கு ஈடாக இரைச்சலிடும்! இரைச்சலெண் தொடக்கத்திலேயே 2 ஆகிவிடும். டிரான்சிஸ்டரின் பங்கு அதற்கு மேல். வாயிற்காவலனே திருடனாக இருப்பது போன்ற நிலை.

தடைக்குப் பதிலாகக் கம்பிச் சுருளை வைத்துப் பொருத்தம் காண்பது ஒரு வழி. தூய சுருள் இரைச்சலிடாது. 1997இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் ஷேஃபர், லீ இருவரும் இம்முறையின் கணக்கைத் தெளிவாக எழுதினர். ஆயினும் சுருளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஊஞ்சலுக்கு ஒரு தாளம் போல அதற்கும் ஓர் அதிர்வெண்தான். அதை விட்டு விலகினால் பொருத்தம் போய்விடும். அன்றியும், டிரான்சிஸ்டர் கடுகானால் சுருள் தாம்பாளம். சில்லில் அவ்வளவு இடத்தை அடைக்கும்.

மூன்றாவது வழியே என் மனத்தைக் கவர்ந்தது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புருக்கோலெரி, கிளம்பரிங்க், நௌட்டா என்னும் மூவர் 2004ஆம் ஆண்டு விரிவாக வெளியிட்ட முறை அது. அப்பெண் இதனை எனக்கு விளக்கியபோது முதலில் புரியவில்லை. பிறகு என் தந்தையாரின் மளிகைக் கடைத் தராசை நினைத்துக்கொண்டேன், புரிந்துவிட்டது.

ஒரு தட்டு சற்றே தாழ்ந்த கோணல் தராசு இருக்கிறது. அதைக்கொண்டு சரியான எடை காண முடியுமா? முடியும். பொருளை ஒருமுறை இடத்தட்டில் வைத்து, முள் எவ்வளவு சாய்கிறது என்று பாருங்கள். அடுத்து வலத்தட்டில் வைத்துப் பாருங்கள். பொருளால் வரும் சாய்வு திசை மாறும். தராசின் கோணலால் வரும் சாய்வு திசை மாறாது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் கோணல் மறைந்துவிடும்; பொருளின் சாய்வோ இரட்டிப்பாகும். அம்மூவர் செய்ததும் இதுவே. பின்னூட்டத் தடையோடு கூடிய ஒரு டிரான்சிஸ்டர், வாயிலில் 50 ஓம் பொருத்தத்தைத் தருகிறது. அதன் நுழைமுனையிலும் வெளிமுனையிலும் குறி எதிரெதிர்த் திசையில் இருக்கும். ஆனால் அந்த டிரான்சிஸ்டருக்குள் பிறந்த இரைச்சலோ இருமுனைகளிலும் ஒரே திசையில் தோன்றும். அளவில் மட்டும் வேறுபாடு. ஆகவே நுழைமுனையில் இருப்பதை வேறொரு பெருக்கியால் வேண்டிய அளவு பெருக்கித் தலைகீழாக்கி வெளிமுனையோடு கூட்டினால், இரைச்சல் இரைச்சலையே அழிக்கிறது. குறி குறியோடு சேர்கிறது. அந்த இரண்டாம் பெருக்கியின் இரைச்சல் மட்டும் எஞ்சும். அதற்குப் பொருத்தம் பார்க்கும் பொறுப்பு இல்லாததால், மின்னோட்டத்தைக் கூட்டி அதன் இரைச்சலைக் குறைத்துக்கொள்ளலாம். அவர்கள் செய்து பார்த்த சில்லில் 150 முதல் 2000 மெகாஹெர்ட்ஸ் வரை இரைச்சலெண் 1.74ஐத் தாண்டவில்லை; பொறியாளர் மொழியில் 2.4 டெசிபல்.

எல்லாம் இனிதாக முடிந்தது என்று எண்ண வேண்டா. அதிர்வெண் மிக உயர்ந்தால் டிரான்சிஸ்டரின் மின்தேக்கம் குறுக்கிட்டு இந்தக் கழித்தற் கணக்கைக் குலைக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் கைப்பேசியின் மின்கலம் விரைவில் வற்றும். இவற்றினும் பெரிய தொல்லை ஒன்றுண்டு. அதற்கு ஜூஜுவாடியே நல்ல எடுத்துக்காட்டு. அகலப்பட்டைப் பெருக்கி எல்லாக் குறிகளையும் உள்ளே விடுகிறது. அருகிலுள்ள கோபுரங்களின் வலிய அலைகளும் சேர்ந்தே நுழைகின்றன. பெருக்கி சிறிதளவேனும் நேர்விகிதம் தவறினால், 100, 102 மெகாஹெர்ட்ஸிலுள்ள இரண்டு வலிய குறிகள் தம்முள் கலந்து 98இலும் 104இலும் எவரும் ஒலிபரப்பாத போலிக் குறிகளை உண்டாக்கும். 98இல் மெல்லிய குறி ஒன்று உண்மையாகவே வந்துகொண்டிருந்தால், அதன் கதி என்ன? இரைச்சலைக் குறைத்துப் பயனில்லை. போலி அதை விழுங்கிவிடும்.

அந்தப் பெண்ணின் பெருக்கி இங்கேதான் இடறியது. கணினிக் கணக்கில் இரைச்சலெண் நன்றாக வந்தது. இரண்டு வலிய குறிகளைக் கொடுத்துப் பார்த்தபோது போலிகள் அளவுக்கு மீறி எழுந்தன. மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று கெட்டது. உடன்படித்தவர்களிற் சிலர் அந்த ஒரு வரைபடத்தை விட்டுவிட்டு அறிக்கை எழுதச் சொன்னார்களாம். அவள் விடவில்லை, குறையைக் குறையென்றே எழுதி, வரைபடத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். மதிப்பெண் சற்றுக் குறைந்ததாகக் கேள்வி. அந்தப் பக்கம்தான் அறிக்கையிலே சிறந்த பக்கம் என்பது என் கருத்து. மராட்டிய மாநிலத்தில் நாராயண்காவுக்கு அருகில், 45 மீட்டர் விட்டமுள்ள முப்பது கிண்ணங்களைக் கொண்ட ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. குறுகிய பட்டைகளில் கேட்டுவந்த அதனை அண்மை ஆண்டுகளில் அகலப்பட்டைக்கு மாற்றினார்கள். இப்போது ஒரே பெருக்கி 250 முதல் 500 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. அவர்களுக்கும் சன்னலை அகலத் திறந்தவுடன் சுற்றுப்புறத்துக் கைப்பேசி, தொலைக்காட்சி அலைகளோடு போராட வேண்டியிருந்தது.

அவள் விடைபெறும்போது தந்தையின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். கூரைமேல் ஏறிய அந்தப் பையனே!

மறுவாரம் ஜூஜுவாடிக்குப் போனேன். அவர் இப்போது சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மின்பணியாளராக இருக்கிறார். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. வாசலில் நின்று, "வாங்க சார்" என்று பழைய பணிவோடு அழைத்தார். நான் தாளை விரித்து 16, 12.12, 3.15 என்னும் மூன்று எண்களையும் எழுதிக் காட்டி, "அன்று நீ கேட்டது சரி. நான் சொன்னதுதான் தவறு" என்றேன். அவர் சற்று நேரம் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு கேள்வி கேட்டது எனக்கு நினைவே இல்லை சார். நீங்கள் என்னைக் கூரைமேல் ஏறவிட்டதுதான் நினைவிருக்கிறது" என்றார். எனக்குச் சொல் எழவில்லை.

பிறகு தாளைக் கையில் வாங்கிக் கணக்கை ஒருமுறை பார்த்தார். "மேலே இருக்கும் பெட்டிக்கு மின்சாரம் எப்படிப் போகும் சார்?" என்றார். அதே கம்பி வழியாகவே நேர்மின்னோட்டத்தை மேலே அனுப்பலாம் என்றும், குறி கீழே இறங்கும்போது ஒரு சுருளும் ஒரு மின்தேக்கியும் இரண்டையும் பிரித்துவிடும் என்றும் விளக்கினேன். "அப்படியானால் இணைப்புகளில் மழைத்தண்ணீர் இறங்காமல் பார்க்க வேண்டும் சார். தண்ணீர் இறங்கினால் செம்பு பச்சை பிடித்துவிடும்" என்றார் அவர். எங்கள் பழைய கம்பி குறியை அவ்வளவு தின்றதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம். அந்தக் கம்பியை நான் ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.